வீட்டு வாசலில் ஒரு ஹென்றி மூர்

லண்டனுக்கு வடக்கே, நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது ஹார்லோ. அந்த ஊரின் கிளீப்லேண்ட்ஸ் குடியிருப்பில், வரிசை வீடுகளுக்கு நடுவே உள்ள புல்தரையில், பத்தடி உயரத்தில் இரண்டு கல் உருவங்கள் நிற்கின்றன. ஆளா தூணா என்று முதல் பார்வையில் பிடிபடாது. நீலம் ஓடிய சாம்பல் நிறத்தில் அயர்லாந்துச் சுண்ணாம்புக் கல். முகம் என்று எதுவும் செதுக்கவில்லை. உடம்பில் ஆங்காங்கே துளையும் குழிவும். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால், இரண்டு பேர் எதையோ பேசிக்கொண்டிருந்துவிட்டுச் சட்டென்று நிறுத்தியதுபோலத் தோன்றும். நுழைவுச்சீட்டு கிடையாது, காவலாளி கிடையாது. குப்பைத் தொட்டியை வாசலுக்கு இழுத்து வைப்பவரும், பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப் போகிறவரும் அந்த இரண்டு பேரைக் கடந்துதான் போகிறார்கள்.

செதுக்கியவர் பார்பரா ஹெப்வொர்த், இருபதாம் நூற்றாண்டின் முதல் வரிசைச் சிற்பிகளில் ஒருவர். 1951இல் தேம்ஸ் நதியின் தென்கரையில் நடந்த பிரிட்டன் திருவிழாவுக்காகச் செய்தது இது. கார்ன்வாலின் கடற்கரை ஊரான செயின்ட் ஐவ்ஸில், உதவியாளர்களைக் கூட வைத்துக்கொண்டு செதுக்கினார். பின்னாளில் ஓவியராகப் பெயர் பெற்ற டெர்ரி ஃப்ராஸ்ட் அந்த உதவியாளர்களில் ஒருவர். திருவிழா பார்க்க வந்த பெருங்கூட்டம் கலைந்த பிறகு, பிரிட்டனின் கலை மன்றம் அந்தச் சிற்பத்தை ஹார்லோவுக்குக் கொடுத்துவிட்டது. அப்போது அந்த ஊரில் திட்டமிட்டதில் பாதி வீடுகள்கூட எழும்பியிருக்கவில்லை. சாலைகள் சேறும் சகதியுமாகக் கிடந்தன. முழுசாக ஊர் ஆகாத ஊருக்கு ஹெப்வொர்த்தின் சிற்பம் எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால், அதில் தவறு சொல்ல முடியாது.

அந்தக் கேள்விக்கான பதில் ஊர் பிறந்த கதையில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் கிழக்கு லண்டன் குண்டுவீச்சில் சிதைந்துபோனது. மிஞ்சிய வீடுகளில் ஒண்டுக்குடித்தனம். பலவற்றில் குளியலறையே இல்லை. 1946இல் நாடாளுமன்றம் புதுநகரச் சட்டம் இயற்றியது. லண்டனைச் சுற்றி எட்டுப் புதுநகரங்கள் திட்டமிடப்பட்டன. அவற்றில் ஒன்றாக 1947இல் ஹார்லோ அறிவிக்கப்பட்டது. எசெக்ஸ் மாவட்டத்தின் வயல்களுக்கு நடுவே அறுபதாயிரம் பேருக்கு ஊர் அமைக்கும் பொறுப்பு, கட்டடக் கலைஞர் ஃப்ரெடெரிக் கிப்பர்டிடம் வந்தது. பிரிட்டனின் முதல் குடியிருப்புக் கோபுரமான பத்து மாடி ‘தி லான்’ 1951இல் இங்கேதான் எழுந்தது. அதற்கு வரைபடம் போட்டவரும் அவரே.

குடிவந்தவர்களில் பெரும்பாலோர் இளம் தம்பதிகள். கைக்குழந்தைகள் பெருகின. தெருவெல்லாம் குழந்தைகளை வைத்துத் தள்ளும் வண்டிகள். பத்திரிகைகள் ஹார்லோவுக்கு ‘தள்ளுவண்டி நகரம்’ என்று பெயர் வைத்தன. கூடவே இன்னொரு பேச்சும் அடிபட்டது, ‘புதுநகரச் சோர்வு’ என்று. அம்மா வீடும் அக்கா வீடும் அடுத்த தெருவில் இருந்த கிழக்கு லண்டனை விட்டு வந்த பெண்கள், கணவன் வேலைக்குப் போன பிறகு தண்ணீர் வசதியும் தோட்டமும் உள்ள வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். வீடு கிடைத்தது, ஊர் கிடைக்கவில்லை. எந்தப் பெருநகரத்தின் புறநகருக்குக் குடிபெயர்ந்தவருக்கும் இந்தத் தவிப்பு புரியும். எல்லா வீடும் ஒரே மாதிரி, எல்லாத் தெருவும் ஒரே மாதிரி. ‘அந்த இடத்தில் நில், வந்துவிடுகிறேன்’ என்று சொல்வதற்கு ஓர் அடையாளம் இல்லை.

கிப்பர்டுக்குச் சிற்பம் மீது தனிப் பிரியம் உண்டு. மறுமலர்ச்சிக் கால ஃப்ளாரன்ஸில் பெரும் கலைஞர்களின் படைப்புகள் சதுக்கத்தில் நின்றன. சந்தைக்குப் போகிறவர் பார்த்துக்கொண்டு போனார். தொழிலாளர் குடியேறும் ஊருக்கு மட்டும் அது ஏன் கூடாது என்பது அவருடைய எண்ணம். 1953இல் ஹார்லோ கலை அறக்கட்டளை தொடங்கியது. சிற்பம் வாங்குவது, செய்யச் சொல்வது, அவற்றைக் குடியிருப்புகளுக்கும் கடைவீதிக்கும் பகிர்ந்து வைப்பது என்பதே அதன் வேலை. அதில் நெடுங்காலம் உழைத்த பாட்ரிசியா ஃபாக்ஸ்-எட்வர்ட்ஸ் பின்னாளில் கிப்பர்டை மணந்துகொண்டார். கிப்பர்டும் திட்டம் போட்டுவிட்டு லண்டனுக்குத் திரும்பிப் போகவில்லை. ஹார்லோவிலேயே வீடு வாங்கி, தோட்டம் முழுக்கச் சிற்பங்களை நிரப்பி, 1984இல் சாகும்வரை அங்கேயே இருந்தார். தான் கட்டிய ஊரில் தானே குடியிருந்த திட்டக்காரர் என்பது, சிற்பங்களைவிடவும் முக்கியமான தகவலாக இருக்கலாம்.

தெருமுனைச் சிலை என்றால் நமக்கு நினைவுக்கு வருவது தலைவர்கள்தான். பிறந்தநாளுக்கு மாலை, நினைவுநாளுக்கு மாலை, மற்ற நாளெல்லாம் கம்பிக்கூண்டு. ஹார்லோ வாங்கிய சிற்பங்களில் மன்னரையும் தளபதியையும் தேடினால் ஏமாற்றம்தான். சந்தைச் சதுக்கத்தில் ரால்ஃப் பிரவுன் செய்து தந்தது இறைச்சி சுமக்கும் இரண்டு கூலித் தொழிலாளர்களை. 1959இல் வைத்த வெண்கலம் அது. அறுத்த மாட்டின் உடல் தோளில் அழுத்த, கால்கள் வளைந்து, சுமையும் சுமப்பவர்களும் ஒரே சதையாகப் பிணைந்து கிடக்கிறார்கள். சந்தைக்கு வருகிறவன் தன் முதுகு வலியை அதில் அடையாளம் கண்டுகொள்ளலாம். எலிசபெத் ஃப்ரிங்க் ஒரு காட்டுப்பன்றி செய்தார். லின் சாட்விக் 1961இல் மூன்று முனை கொண்ட, மனிதரா பறவையா என்று சொல்ல முடியாத ஓர் உருவத்தை நடைவீதியில் நிறுத்தினார். பிரெஞ்சுச் சிற்பி ரோடினின் ‘ஏவாள்’ ஊரின் நீர்த்தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாள், தலைகுனிந்து, கைகளால் தன்னையே மூடிக்கொண்டு.

எல்லாவற்றிலும் பெரிய கதை ஹென்றி மூருடையது.

மூர் சுரங்கத் தொழிலாளியின் மகன். 1940இல் லண்டன் வீட்டைக் குண்டு பாதித்ததும், ஹார்லோ அமையப்போகும் இடத்துக்குப் பக்கத்திலேயே, பெரி கிரீன் என்ற சிற்றூருக்குக் குடிபோய்விட்டார். சுரங்க ரயில் நிலையங்களில் போர்வை போர்த்திப் படுத்திருந்த ஜனங்களை அவர் வரைந்த படங்கள்தான் போர்க்கால லண்டனின் முகமாக நிலைத்தன. 1946இல் மகள் மேரி பிறந்தாள். அந்தக் காலத்தில் அவர் கை மறுபடி மறுபடி போனது ஒரே உருவத்துக்கு: அப்பா, அம்மா, குழந்தை. இளம் குடும்பங்களால் நிறைந்த ஊர் ஒன்று பக்கத்திலேயே முளைத்து, எங்களுக்கு ஒரு குடும்பம் செய்து தாருங்கள் என்று கேட்டபோது, அவர் தயங்கவில்லை. ஹேடீன் என்ற கல்லில் ‘ஹார்லோ குடும்பம்’ உருவானது. பெற்றோர் இருவரும் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருக்க, நடுவில் குழந்தை. தோள்கள் அகலம், தலைகள் சிறியவை. மொத்தமும் ஒரே பாறைபோலக் கனத்து அமர்ந்திருக்கிறது. 1956இல் கலை வரலாற்றாசிரியர் கென்னத் கிளார்க் வந்து திறந்துவைத்தார்.

தேவாலயத்துக்குப் பக்கத்தில், மார்க் ஹால் பகுதியின் புல்மேட்டில்தான் முதலில் வைத்தார்கள். குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் புல்மேடும் வேண்டும், ஏறி விளையாட ஏதாவதும் வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தன. ஏறுவதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கல்லைச் சேதப்படுத்துகிறவர்களும் வந்தார்கள். பழுது பார்த்து ஊர் நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அந்தக் குடும்பம் நகர மன்றக் கட்டடத்துக்குள் கூரைக்குக் கீழே இருக்கிறது. மழை இல்லை, வெயில் இல்லை, பிள்ளைகளின் செருப்புக் காலும் இல்லை. கல் பிழைத்துக்கொண்டது என்று நிம்மதிப்படலாம். ஆனால் வெட்டவெளிப் புல்மேட்டில், தள்ளுவண்டியோடு வரும் உண்மையான குடும்பத்துக்கு எதிரே அந்தக் கல் குடும்பம் உட்கார்ந்திருந்ததில் இருந்த பொருத்தம், கட்டடத்துக்குள் இல்லை.

தெருவில் வைத்த சிற்பத்துக்கு என்னவெல்லாம் நேரும் என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சுண்ணாம்புக் கல்லில் பாசி பிடிக்கும். மழைநீரில் உள்ள அமிலம் மெல்ல மெல்ல மேற்பரப்பைத் தின்னும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து வீங்கும். வீங்கியதும் மேலே விரிசல் விடும். ஃப்ரிங்கின் காட்டுப்பன்றி முதலில், 1957இல், கான்கிரீட்டில்தான் நின்றது, வெளியில் தாக்குப்பிடிக்கவில்லை. பிறகு வெண்கலத்தில் வார்த்தார்கள். அப்படியானால் எல்லாவற்றையும் வெண்கலத்திலேயே செய்துவிடலாமே என்று தோன்றும். வெண்கலம் காற்றுபட்டுப் பச்சை பூக்கும். அவ்வப்போது கழுவி மெழுகு பூசினால் நூறாண்டுகளும் தாங்கும். அதற்கு வருகிற ஆபத்து வேறு மாதிரியானது.

2005 டிசம்பரில் ஓர் இரவு, பெரி கிரீனில் இருந்த மூரின் பணிக்கூட வளாகத்துக்குள் பாரந்தூக்கி பொருத்திய லாரி நுழைந்தது. சாய்ந்து படுத்த உருவம் ஒன்று, இரண்டு டன்னுக்கு மேல் எடை. தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். முப்பது லட்சம் பவுண்டு மதிப்புள்ள சிற்பம். வெட்டி உருக்கியிருப்பார்கள், உலோகத்துக்குக் கிடைத்தது 1,500 பவுண்டு போல இருக்கும் என்பது பின்னால் போலீஸ் வந்த முடிவு. தென்மேற்கு லண்டனின் ரோஹாம்ப்டனில் சாட்விக் செய்த மூன்று காவலர்கள் நின்றார்கள். 2006இல் அவர்களில் ஒருவர் காணாமல் போனார். 2011 டிசம்பரில் தெற்கு லண்டன் டல்விச் பூங்காவில் ஹெப்வொர்த்தின் வெண்கலத்தைப் பீடத்திலிருந்து அறுத்து எடுத்துப் போனார்கள். நாற்பது ஆண்டுகள் அந்தப் பக்கம் நடைப்பயிற்சிக்குப் போனவர்களுக்கு மறுநாள் காலை வெறும் பீடம் மட்டும் மிஞ்சியது. உலோக விலை ஏறிய காலத்தில், காயலான் கடைத் தராசில் மூரும் ஒன்றுதான், சாக்கடை மூடியும் ஒன்றுதான்.

திருடன் இரவில் வருகிறான். பகலில், கோப்போடு வருகிற ஆபத்தும் உண்டு. அதற்குச் சாட்சி கிழக்கு லண்டனின் ‘ஓல்டு ஃப்ளோ’.

மூர் 1957-58இல் செய்த, மடிப்பு மடிப்பாகத் துணி போர்த்தி உட்கார்ந்திருக்கும் பெண் அது. சுரங்க நிலையத்தில் போர்வைக்குள் ஒடுங்கியிருந்த பெண்களின் நினைவும், 1951இல் கிரேக்கம் போனபோது கண்ட துணிமடிப்புச் சிற்பங்களும் அதில் சேர்ந்திருக்கின்றன. லண்டன் மாவட்ட மன்றம் அப்போது ஆண்டுக்கு 20,000 பவுண்டு ஒதுக்கி, தான் கட்டும் பள்ளிகளுக்கும் குடியிருப்புகளுக்கும் கலைப்படைப்பு வாங்கிக்கொண்டிருந்தது. 1962இல் இந்தப் பெண்ணைச் சுமார் 7,000 பவுண்டுக்கு வாங்கி, ஸ்டெப்னியின் ஸ்டிஃபோர்டு குடியிருப்பில், மூன்று அடுக்குமாடிக் கோபுரங்களுக்கு நடுவே வைத்தது. ஏழை ஜனங்கள் இருக்கும் இடத்துக்கு என்பதால் மூர் சந்தை விலையைவிடக் குறைத்துக் கொடுத்தார். குடியிருந்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர்தான் ஓல்டு ஃப்ளோ. தமிழில் ‘ஃப்ளோ பாட்டி’ என்று சொல்லிப் பார்த்தால் அந்தச் செல்லம் புரியும். பிள்ளைகள் அவள் மடியில் ஏறி உட்கார்ந்து வளர்ந்தார்கள்.

முப்பத்தைந்து ஆண்டுகள் போனபின் அந்தக் கோபுரங்களை இடித்தார்கள். பாட்டிக்கு வீடு போயிற்று. 1997இல் அவளை வடக்கே யார்க்‌ஷயர் சிற்பப் பூங்காவுக்கு இரவல் கொடுத்தார்கள். ஆடு மேயும் பச்சை மேடுகளில் அவள் அழகாகத்தான் இருந்தாள். ஆனால் ஸ்டெப்னிக்காரர்கள் பார்க்க வேண்டுமானால் முந்நூறு கிலோமீட்டர் போக வேண்டும். 2012இல், ஸ்டெப்னியை நிர்வகிக்கும், நிதி நெருக்கடியில் இருந்த டவர் ஹாம்லெட்ஸ் மன்றம் அவளை விற்க முடிவெடுத்தது. இரண்டு கோடி பவுண்டு வரை போகும் என்று மதிப்புப் போட்டார்கள். வீடில்லாமல் தவிக்கும் குடும்பங்கள் மிகுந்த பகுதி அது. அந்தப் பணத்தில் எத்தனையோ வீடு கட்டலாமே என்ற வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எதிர்ப்பும் கிளம்பியது. மூரின் மகள் மேரி, திரைப்பட இயக்குநர் டேனி பாயில் உள்ளிட்டோர் கையெழுத்திட்டுப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். ஏழைகளுக்கென்று குறைந்த விலைக்குக் கொடுத்ததை ஏலத்தில் விற்றுக் காசாக்குவது, கொடுத்தவரின் கையைத் தட்டிவிடுவது என்பதே அவர்கள் சொன்னதன் சாரம்.

இதற்கிடையில் இன்னொரு சிக்கல். வாங்கிய மன்றம் 1965இலேயே கலைக்கப்பட்டு, அதன் இடத்தில் வந்த அமைப்பும் 1986இல் கலைக்கப்பட்டிருந்தது. அப்படியானால் சிலை யாருடையது? மிச்சச் சொத்துகளுக்கு வாரிசு நாங்கள் என்று லண்டனின் இன்னொரு பகுதியான ப்ராம்லியின் மன்றம் உரிமை கோரியது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2015இல் டவர் ஹாம்லெட்ஸுக்கே சொந்தம் என்று தீர்ப்பானது. அதற்குள் அங்கே மேயரும் மாறியிருந்தார். புதியவர் விற்பனையைக் கைவிட்டார். 2017 அக்டோபரில் பாட்டி கிழக்கு லண்டனுக்குத் திரும்பினாள். ஸ்டெப்னிக்கு அல்ல, சில கிலோமீட்டர் தள்ளி, வங்கிகளின் கண்ணாடிக் கோபுரங்கள் நிறைந்த கேனரி வார்ஃபுக்கு. காவலும் கேமராவும் அங்கேதான் இருந்தன. ஊர் திரும்பியதில் மகிழ்ச்சி உண்டு. அவள் மடியில் ஏறிய பிள்ளைகளின் தெருவுக்கு அவள் திரும்பவில்லை என்பதும் மனதில் உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது.

ஊர்க்காரர்கள் எல்லா நேரமும் சிற்பத்தின் பக்கம்தான் நிற்பார்கள் என்றும் சொல்ல முடியாது. லிவர்பூலின் புறநகரான கிராஸ்பியின் கடற்கரையில் 2005இல் சிற்பி ஆண்டனி கோர்ம்லி நூறு இரும்பு மனிதர்களை நிறுத்தினார். எல்லாம் அவர் உடம்பிலிருந்தே எடுத்த அச்சு. ஒவ்வொன்றும் 650 கிலோ. மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலைப் பார்த்தபடி நிற்கிறார்கள். அலை ஏறும்போது மூழ்குவார்கள், இறங்கும்போது மறுபடி முளைப்பார்கள். கொஞ்ச காலம் இருந்துவிட்டு வேறு ஊருக்குப் போக வேண்டியவர்கள். சிலை பார்க்கப் போய் அலையில் மாட்டிக்கொள்கிறார்கள், சிறு படகுகள் மோதும், பறவைகளின் மேய்ச்சல் கெடும் என்று குறைகள் வந்தன. 2006இல் உள்ளூர் மன்றம் நீட்டிப்பு மறுத்தது. இவர்கள் இங்கேயே இருக்கட்டும் என்று கேட்டவர்களின் குரலும் ஓங்கியது. 2007 மார்ச்சில், சில உருவங்களை மட்டும் இடம் மாற்றி நட்டுவிட்டு, நிரந்தரமாக இருக்கலாம் என்று அனுமதி வந்தது. பொது இடத்துச் சிற்பத்துக்கு இப்படி ஒரு சண்டை நல்லதுதான் என்று தோன்றுகிறது. மீன்பிடிப்பவரும் படகுக்காரரும் பறவை பார்ப்பவரும் கலைஞரும் ஒரே மேசையில் வாதாடித்தான் அந்த நூறு பேருக்குக் கிராஸ்பியில் குடியுரிமை கிடைத்தது.

தொலைந்தவற்றின் கணக்கு நீண்டதும், ‘ஹிஸ்டாரிக் இங்கிலாந்து’ என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு விழித்துக்கொண்டது. போருக்குப் பிந்தைய பொதுச் சிற்பங்கள் எங்கெங்கே போயின என்று தேடித் தரும்படி பொதுமக்களையே கேட்டது. 2016 ஜனவரியில் 41 சிற்பங்கள் ஒரே வீச்சில் பாதுகாப்புப் பட்டியலில் ஏறின. கோயிலையும் கோட்டையையும் போல, குடியிருப்பு முற்றத்தில் நிற்கும் கான்கிரீட் உருவத்தையும் இனிச் சும்மா இடித்துவிட முடியாது.

பட்டியலில் ஏறுவதும் முழுக் காப்பாகிவிடாது. ஹார்லோவின் நீர்த்தோட்டமே அதற்கு உதாரணம். கிப்பர்ட் படிப்படியாகக் கால்வாயும் குளமும் அமைத்து, வில்லியம் மிட்செலைக் கொண்டு நீர் உமிழும் விசித்திரத் தலைகள் செய்துவைத்த இடம் அது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கடைகளும் கார் நிறுத்துமிடமும் வேண்டும் என்று அதைப் பெயர்த்து, சுருக்கி, வேறு இடத்தில் மறுபடி கட்டினார்கள். தலைகள் இன்னும் தண்ணீரைத் துப்பிக்கொண்டிருக்கின்றன. அன்று எதிரே விரிந்து கிடந்த பச்சை நிலக்காட்சியின் இடத்தில்தான் கார்கள்.

இத்தனைக்கும் பிறகு ஹார்லோ விட்டுவிடவில்லை. 90,000 பேருக்கு மேல் வாழும் அந்த ஊரில் இன்று நூற்றுக்கும் அதிகமான சிற்பங்கள் இருக்கின்றன. ‘சிற்ப நகரம்’ என்று தன்னை அழைத்துக்கொள்கிறது. தொழிற்சாலைகள் பல மூடிவிட்டன, கடைவீதி களையிழந்தது, ஏழ்மை பற்றிய செய்திகளில் ஊரின் பெயர் அடிபடுகிறது. கிப்பர்ட் கண்ட கனவெல்லாம் பலித்துவிட்டது என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் மூர், ஹெப்வொர்த், ரோடின் மூவரையும் பைசா செலவில்லாமல் பார்த்துவிட்டு, அப்படியே காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக முடிகிற ஊர்கள் அதிகமில்லை.

அங்கே பிட்மன்ஸ் ஃபீல்டு என்ற குடியிருப்பில் ஒரு வெண்கலக் கழுதை நிற்கிறது. செய்தவர் வியன்னாவில் பிறந்து 1934இல் இங்கிலாந்து வந்த வில்லி சூகாப். அதற்கு மூத்த கழுதை ஒன்று டெவன் மாவட்டத்தின் டார்டிங்டன் தோட்டத்தில் இருக்கிறது. தாகூரிடம் ஸ்ரீநிகேதனில் வேலை பார்த்துத் திரும்பிய லெனார்டு எல்ம்ஹர்ஸ்ட், தன் மனைவியோடு சேர்ந்து வளர்த்த கல்வி நிலையம் அது. சூகாப் முதலில் அங்கேதான் வேலை செய்தார். ஹார்லோவின் கழுதை வந்தது 1955இல். பெரிய பீடம் எதுவும் இல்லை. சிறு பிள்ளை கால் தூக்கிப் போட்டு ஏறும் உயரம்தான். பிள்ளைகள் ஏற வேண்டாம் என்று யாரும் அதற்கு வேலி போடவில்லை. வெண்கலத்தில் கை படாத இடம் பச்சை பூத்துக் கறுக்கும்; நித்தமும் கையும் காலும் உரசும் இடம் பொன்போல மின்னும். பொதுவெளியில் நிற்கும் எந்த விலங்குச் சிற்பத்திலும் முதுகையும் காதையும் பார்த்தால் போதும், அந்தத் தெருவில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று தெரிந்துவிடும்.